இந்திரா பிறந்தது எந்த ஆனந்த பவனில்?

மேலவீதி:
நேற்று ஒருவர் நேரு குடும்பத்து வீடான ஆனந்த பவன் படத்தைப் போட்டு "இந்திரா காந்தி பிறந்த வீடு" என்று எழுதியிருக்கிறார். பார்த்ததிலிருந்து எரிச்சல். படத்தில் இருப்பது இந்திராவின் தாத்தா மோதிலால் நேரு 1920களின் பிற்பகுதியில் கட்டிய புது வீடு. இந்திரா பிறந்தது 1917 நவம்பர் 19. கட்டாத வீட்டில் பிள்ளை பிறக்குமா? அவர் பிறந்தது அதே வளாகத்தில் இருக்கும் ஸ்வராஜ் பவனில்.

ரயிலடி:
படம் போட்டது நான்தான். 1917-இல் ஸ்வராஜ் பவன் என்று ஒரு வீடே கிடையாது. மோதிலால் 1900-இல் வாங்கி ஆனந்த பவன் என்று பெயர் வைத்த வீடு அது. 1930-இல் காங்கிரசுக்குக் கொடுத்த பிறகுதான் ஸ்வராஜ் பவன். அதனால் பிறந்தது ஆனந்த பவனில்தான்.

மேலவீதி:
பெயரை யார் கேட்டது? படத்தில் இருப்பது எந்த வீடு?

ரயிலடி:
ஆனந்த பவன்.

மேலவீதி:
அவர் அந்தக் கட்டடத்தில் பிறந்தாரா, இல்லையா?

கோபுரவாசல்:
நான் அலகாபாத் போய்ப் பார்த்திருக்கிறேன். புது வீட்டில் நேருவின் அறையைக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும், அலமாரி நிறையப் புத்தகம். 1942-இல் இந்திராவின் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். நேரு சிறையில் நூற்ற நூலில் நெய்த சேலையைக் கட்டிக்கொண்டார். ரயிலடி அதோடு குழம்பியிருப்பார்.

ரயிலடி:
நான் குழம்பவில்லை.

செண்பகம்:
அலகாபாத் இல்லை, பிரயாக்ராஜ். 2018-லேயே மாறிவிட்டது.

கோபுரவாசல்:
நான் போனபோது டிக்கெட்டில் அலகாபாத் என்றுதான் இருந்தது.

செண்பகம்:
இன்று எழுதினால் இன்றைய பெயர்தான் எழுத வேண்டும்.

மேலவீதி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! இன்றைய பெயர் ஸ்வராஜ் பவன்.

ரயிலடி:
அப்படியா? போன மாதம் மெட்ராஸ் பற்றிய பேச்சில் "அந்தக் காலத்துப் பெயரைத்தான் எழுத வேண்டும்" என்று என்னோடு மல்லுக்கு நின்றது யார்?

மேலவீதி:
பழைய கணக்கை இங்கே இழுக்க வேண்டாம். படத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

கோபுரவாசல்:
நேரு பிறந்ததும் இந்த வளாகத்தில்தானே?

மேலவீதி:
இல்லை ஐயா. 1889-இல், அதே ஊரின் மீர்கஞ்ச் பகுதியில். மோதிலால் இந்த வீட்டை வாங்குவதற்கு 11 வருடம் முன்பு. வருடத்தையே பார்க்காமல் பேசினால் எப்படி? ரயிலடி, படத்தை மாற்றியாயிற்றா?

ரயிலடி:
மாற்ற மாட்டேன். ஆனந்த பவன் என்று எழுதினேன், ஆனந்த பவன் படம் போட்டேன்.

மேலவீதி:
வேறு ஆனந்த பவன்!