2008-ல் ஆன விவாகரத்துக்கு இப்போது நகல் எடுப்பது எப்படி? கூடவே, பரஸ்பர சம்மத மனு பற்றி ஒரு கேள்வி

பூங்கோதை (கேள்வி)

வணக்கம். அக்காவுக்கு 2008 வாக்கில் கும்பகோணம் சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனது. தீர்ப்பு நகல் கைவசம் இல்லை. வழக்கு எண் தெரியாது, வழக்கு நடத்திய வக்கீலும் காலமாகிவிட்டார். இப்போது அக்காவின் மறுமணத்தைப் பதிவு செய்ய 'டைவர்ஸ் சர்டிபிகேட்' கேட்கிறார்கள். அது தாலுகா ஆபீஸில் கிடைக்குமா, இ-சேவை மையத்தில் கிடைக்குமா, கோர்ட்டுக்கே போக வேண்டுமா?

இரண்டாவது கேள்வி. சித்தி மகனும் அவன் மனைவியும் பேசி முடித்து, இரண்டு பேரும் சேர்ந்து மனு போடப் போகிறார்கள். எங்கே போடணும், எவ்வளவு நாள் ஆகும், எதில் ஏமாந்துவிடக் கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவிரிக்கரை குமாஸ்தா

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், அம்மா. விவாகரத்துச் சான்றிதழ் என்று தனியாக ஒரு காகிதம் நம் நாட்டில் எந்த அலுவலகமும் கொடுப்பதில்லை. பிறப்பு, இறப்பு மாதிரி இதற்குப் பொதுப் பதிவேடும் கிடையாது. இ-சேவையில் 'கணவனால் கைவிடப்பட்டவர் சான்று' கொடுப்பார்கள். அது வருவாய்த்துறை உதவித்தொகை போன்றவற்றுக்காகக் கொடுப்பது, விவாகரத்துக்கு ஆதாரம் ஆகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீணாக அலைபவர்கள் நிறைய. உங்களுக்கு வேண்டியது வழக்கு நடந்த கோர்ட்டின் சான்றிட்ட நகல். அதிலும் இரண்டு தாள் உண்டு: காரணங்களை விளக்கி நீதிபதி எழுதியது தீர்ப்பு, 'இன்ன தேதியில் நடந்த திருமணம் ரத்து செய்யப்படுகிறது' என்று முடிவை மட்டும் சொல்வது தீர்ப்பாணை, அதாவது டிகிரி. நகல் மனுவில் இரண்டையும் கேளுங்கள். பதிவு அலுவலகத்துக்கு டிகிரி போதும் என்றாலும், பின்னால் விசா, வெளிநாட்டு வேலை என்று வந்தால் தீர்ப்பையும் கேட்பார்கள். அப்போது இன்னொரு முறை அலைய வேண்டியிருக்கும்.

முதலில் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். சார்பு நீதிமன்றத்தில் இந்து திருமண வழக்கு 'எச்.எம்.ஓ.பி.' என்ற தலைப்பில் இருக்கும் (சென்னைக் குடும்ப நீதிமன்றத்தில் வெறும் 'ஓ.பி.'). வீட்டில் பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கோர்ட் நோட்டீஸ், ஜீவனாம்ச வழக்கின் உத்தரவு, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த மனு, இதில் ஏதாவது ஒன்றில் எச்.எம்.ஓ.பி. எண் இருக்க வாய்ப்பு அதிகம். வக்கீல் காலமானாலும் அவர் ஜூனியர் யாராவது கட்டுகளை வைத்திருப்பார்கள், விசாரியுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால், இரு தரப்புப் பெயரும் உத்தேச வருடமும் குறிப்பிட்டு, கட்டணம் கட்டி, பதிவேட்டைத் தேடித் தரும்படி அந்தக் கோர்ட்டிலேயே மனு கொடுக்கலாம். தீர்ப்பான வருடத்தோடு நிற்காமல் அதற்கு முந்தைய மூன்று நான்கு வருடங்களையும் எழுதுங்கள். எண் என்பது மனு போட்ட வருடத்துக்கு உரியது. 2008-ல் தீர்ப்பான வழக்கு 2005-ஆம் வருட எண்ணில் இருக்கலாம்.

எண் தெரிந்ததும் நகல் மனு. கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, வழக்கு எண், இரு தரப்புப் பெயர், தீர்ப்புத் தேதி, வேண்டிய தாள்கள் இவற்றை எழுதி, அக்காவின் அடையாள அட்டை நகலோடு கொடுத்தால் 'சி.ஏ.' எண் (நகல் மனு எண்) போட்டுத் தருவார்கள். மனு கொடுத்த பிறகுதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். வழக்குக் கட்டு பதிவறையிலிருந்து வந்து பக்கம் எண்ணிய பிறகு, நகலுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். இதற்குக் 'கால்டு ஃபார்' என்று பெயர். தனியாகக் கடிதமோ போனோ வராது. கெடுவுக்குள் கட்டவில்லை என்றால் மனு தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து. எனவே மனு கொடுத்த பிறகு வாரம் இரண்டு முறையாவது பலகையைப் பார்க்க ஆள் வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாக இருக்கும், கோர்ட் முத்திரையும் இருக்கும். அந்தப் பக்கம் இல்லாத ஜெராக்ஸை எந்த அலுவலகமும் ஏற்காது. லேமினேட் செய்துவிடாதீர்கள்; அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்பதற்கு அரசு தரும் அத்தாட்சி) வாங்கும்போது தாளின் பின்னால் முத்திரை வைக்க இடம் வேண்டும்.

வைகை வழக்குரைஞர்

மேலே சொன்னது அத்தனையும் சரி. இணையத்தில் தேடுவது பற்றி நான் சேர்க்கிறேன்.

இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, 'பார்ட்டி நேம்' பகுதியில் பெயரும் வருடமும் கொடுத்துத் தேடலாம். 'பெண்டிங்' என்பதிலேயே விட்டுவிடாமல் 'போத்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். பெயரை முழுசாக அடிக்க வேண்டாம், மூன்று நான்கு எழுத்து போதும். மகாலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம், யோசித்துப் பாருங்கள். இனிஷியல் இன்னும் பெரிய தொல்லை: மனுவில் சில பெண்களுக்குத் தகப்பனார் இனிஷியல் இருக்கும், சிலருக்குக் கணவர் இனிஷியல் இருக்கும், சில பதிவில் இனிஷியலே பெயருக்குப் பின்னால் போயிருக்கும். அக்கா பெயரில் கிடைக்காவிட்டால் எதிர்த்தரப்புப் பெயரில் தேடுங்கள். மாவட்டம் பிரிந்த பகுதி என்றால் பழைய மாவட்டம், புது மாவட்டம் இரண்டிலும் பார்க்க வேண்டும். கணினிமயத்துக்கு முன் முடிந்த வழக்குகள் பல தளத்தில் ஏறவே இல்லை. தளத்தில் வரவில்லை என்றால் வழக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

கிடைத்தால் அந்த வழக்குக்கே உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு வழக்கு என்றால் 'டி.என்.' என்று தொடங்கி, வருடத்தில் முடியும்.

குடும்ப நீதிமன்றம் புதிதாக வந்த ஊர்களில், அப்போது நிலுவையில் இருந்த வழக்குகள் அங்கே மாற்றப்பட்டுப் புது எண் பெற்றிருக்கும். பழைய எண்ணை வைத்துக்கொண்டு சார்பு நீதிமன்றத்தில் கேட்டால் 'மாற்றலாகிவிட்டது' என்பார்கள். புது எண்ணையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பூங்கோதை

ரொம்ப நன்றி. தளத்தில் தேடிப் பார்த்தேன். எதிர்த்தரப்புப் பெயரில் இரண்டு பதிவு வருகிறது, இரண்டிலும் 'கேஸ் டிஸ்போஸ்ட்' என்றே இருக்கிறது. எதற்கு நகல் கேட்பது?

வைகை வழக்குரைஞர்

நல்லவேளை, கேட்டீர்கள். 'டிஸ்போஸ்ட்' என்றால் வழக்கு முடிந்தது என்று மட்டும்தான் பொருள், விவாகரத்து ஆனது என்று பொருள் இல்லை. ஆஜராகாததால் தள்ளுபடியானாலும், வாபஸ் வாங்கினாலும், வேறு கோர்ட்டுக்கு மாறினாலும் அதே சொல்தான் வரும். பதிவைத் திறந்து 'நேச்சர் ஆஃப் டிஸ்போசல்' என்ற வரியைப் பாருங்கள்.

அதற்குக் கீழே இந்து திருமணச் சட்டத்தின் பிரிவும் இருக்கும். 13 என்றால் விவாகரத்து மனு, 13-பி என்றால் பரஸ்பர சம்மதம். 9 என்றால் சேர்ந்து வாழக் கோரும் மனு, 10 என்றால் நீதிமன்ற உத்தரவோடு பிரிந்து வாழ்வது. நான்குக்குமே எச்.எம்.ஓ.பி. என்றுதான் எண் போடுவார்கள். ஒருவர் விவாகரத்து கேட்டு மனு போட, மற்றவர் சேர்ந்து வாழ மனு போடுவது வழக்கம். இரண்டும் ஒரே நாளில் பொதுவான தீர்ப்பாக முடிந்திருக்கலாம். உங்களுக்கு வேண்டியது 13-ன் கீழ் உள்ள வழக்கின் டிகிரி.

இன்னொன்றும் கவனியுங்கள். தீர்ப்பு ஒருதலைப்பட்சமாக, எக்ஸ்பார்ட்டியாக வந்ததா? அப்படியானால் அதைப் பிற்பாடு யாராவது ரத்து செய்யக் கேட்டார்களா என்று அந்த வழக்கின் இடைக்கால மனுக்களில் பாருங்கள். அதற்குக் கெடு 30 நாள்தான். ஆனால் தனக்குச் சம்மனே முறையாக வரவில்லை என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால், தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் எண்ணப்படும். பழைய முகவரிக்கு அனுப்பிய சம்மன் திரும்பி வந்த வழக்குகளில் இந்தச் சிக்கல் அதிகம்.

நகல் வந்ததும் பெயர், திருமணத் தேதி, ஊர் மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். தட்டச்சுப் பிழை இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 152-ன் கீழ் அதே கோர்ட்டில் திருத்த மனு போடலாம், அதற்குக் கால வரம்பு இல்லை. ஆதாரில் ஒரு பெயர், டிகிரியில் ஒரு பெயர் என்று பதிவு அலுவலகத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மலர்விழி சட்ட உதவி

சித்தி மகன் விஷயத்துக்கு வருகிறேன்.

சம்மத மனு இந்து திருமணச் சட்டம் 13-பி. திருமணமாகி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும், ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்கவும் வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு வீடு என்று கட்டாயம் இல்லை; ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் போதும் என்பது உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், இவற்றில் எதன் நீதிமன்ற எல்லையிலும் போடலாம். மனைவி இப்போது இருக்கும் ஊரிலும் போடுவது வழக்கம். திருமணப் பதிவுச் சான்று இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகையும் தாலி கட்டும் படமும் வேண்டும். பத்திரிகையில் மண்டபத்தின் பெயரும் தேதியும் இருப்பதால்தான் அதைக் கேட்கிறார்கள்.

மனு போட்ட நாளிலிருந்து 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டு பேரும் மறுபடி வந்து 'சம்மதம்தான்' என்று சொல்ல வேண்டும். அந்த 6 மாதக் காத்திருப்பிலிருந்து கோர்ட் விலக்குக் கொடுக்கலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் கேட்டவுடனே கொடுத்துவிட மாட்டார்கள். மனு போடும் முன்பே ஒன்றரை வருடப் பிரிவு முடிந்திருக்க வேண்டும்; சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும்; ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். மனு போட்ட ஒரு வாரம் கழித்து அந்த விலக்குக்குத் தனி மனு கொடுக்கலாம். பிரிந்து 14 மாதம்தான் ஆகியிருக்கிறது என்றால் பொறுத்திருப்பதே மேல்.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்: தீர்ப்பு வரும் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் பணம், நகை விஷயத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில், எத்தனை தவணை, டிமாண்ட் டிராஃப்டா இல்லையா என்பது மனுவிலேயே வர வேண்டும். பாதித் தொகை முதல் முறை, மீதி இரண்டாம் முறை ஆஜராகும் நாளில் நீதிபதி முன் கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. சீர்வரிசைப் பொருள் திரும்பி வந்ததா, எத்தனை பவுன், பித்தளைப் பாத்திரங்கள் வந்தனவா என்றெல்லாம் பட்டியல் போட்டு இரண்டு பேரும் கையெழுத்திட வேண்டும். குழந்தை இருந்தால் யாரிடம் இருக்கும், மற்றவர் எந்தக் கிழமை வந்து பார்ப்பார், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் எழுதுங்கள்.

போலீஸில் வரதட்சணை வழக்கு இருந்தால் அது விவாகரத்தோடு தானாக முடியாது. உயர் நீதிமன்றத்தில் தனியாக ரத்து மனு போட வேண்டும். அதற்கு ஒத்துழைப்பேன் என்ற உறுதியும் மனுவில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். அவர் சார்பில் பெற்றோரோ உடன்பிறந்தவரோ வரவும் கோர்ட் அனுமதிக்கலாம்.

காவிரிக்கரை குமாஸ்தா

மலர்விழி அம்மா சொன்னதோடு ஒன்று. தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். விவாகரத்து டிகிரியின் நகலை இரு தரப்புக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 23(4) சொல்கிறது. பல பேருக்கு இது தெரியாது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, கூடுதலாகக் கட்டணத்தில் இரண்டு நகல் எடுத்தால் பதினைந்து வருடம் கழித்து இப்படித் தேட வேண்டியிருக்காது.

செந்தில் தென்காசி

எங்கள் பக்கம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 20 ரூபாய் பத்திரத்தில் 'இனி ஒருவர்மேல் ஒருவருக்கு உரிமை இல்லை' என்று எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி, அத்து விட்டதாகச் சொல்கிறார்கள். அதை வைத்து மறுமணம் செய்யலாமா?

வைகை வழக்குரைஞர்

செய்யக் கூடாது, தம்பி. அந்த விடுதலைப் பத்திரத்தால் திருமணம் முறியாது. நோட்டரி முத்திரை, கையெழுத்து அவர்களுடையது என்று மட்டுமே காட்டும். இந்து திருமணச் சட்டம் பிரிவு 29(2) வழக்காற்று விவாகரத்தை, அதாவது சமூக வழக்கப்படி ஆகும் விவாகரத்தைக் காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு, இடைவிடாமல் இருக்கிறது என்று சாட்சியோடு நிரூபிக்கும் பொறுப்பு அதைச் சொல்பவர்மேல் விழும். நிரூபிக்க முடியாவிட்டால் இரண்டாவது திருமணம் செல்லாது. பிற்காலத்தில் குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்று என்று வரும்போது அடிபடுவது அந்தப் பெண்தான்.

முஸ்லிம் பெண்களுக்கும் இதே எச்சரிக்கை. தனியார் ஷரியத் கவுன்சில் கொடுக்கும் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்று செல்லாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

தாமரை

மாப்பிள்ளை 'எனக்கு விவாகரத்து ஆகிவிட்டது' என்கிறார். பெண் வீட்டார் கோர்ட்டில் நேரடியாக நகல் வாங்கிப் பார்க்க முடியுமா?

காவிரிக்கரை குமாஸ்தா

சிரமம். திருமண வழக்கு மூடிய அறையில் நடப்பது. அதை அச்சிடவோ வெளியிடவோ இந்து திருமணச் சட்டம் பிரிவு 22 தடுக்கிறது. மூன்றாம் நபர் நகல் கேட்டால் காரணம் காட்டிப் பிரமாணப் பத்திரத்தோடு மனு போட வேண்டும், கோர்ட் மறுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டும் பயன் இல்லை. கோர்ட் நகலைக் கோர்ட் விதிப்படிதான் வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது.

மாப்பிள்ளையிடமே சான்றிட்ட நகலின் அசலைக் கேளுங்கள். கடைசிப் பக்கத்துத் தேதிகளைப் பாருங்கள், வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸில் போட்டு ஒப்பிடுங்கள். இரு தரப்பும் வாதாடி வந்த தீர்ப்பு என்றால் மேல்முறையீட்டுக் காலம் தாண்டியிருக்க வேண்டும். இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது, குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது. 90-ஐயே கணக்கில் வையுங்கள். சார்பு நீதிமன்றத் தீர்ப்பு என்றால் மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்கும், குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றத்துக்கும் போகும். அந்தந்த இடத்தில் இரண்டு பேர் பெயரிலும் தேடிப் பாருங்கள். சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

பூங்கோதை

பதிவைத் திறந்து பார்த்தேன். ஒன்று பிரிவு 9, தள்ளுபடி. இன்னொன்று பிரிவு 13, 2006-ஆம் வருட எண். திங்கட்கிழமை அக்காவின் ஆதாரோடு போய் 13-க்குத் தீர்ப்பு, டிகிரி இரண்டுக்கும் நகல் மனு கொடுக்கிறோம். பலகையைப் பார்த்துச் சொல்ல அங்கேயே ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டேன்.