தேக்குப் படகில் ஒட்டிய பைபர் உரிந்து வருகிறது: துணியை மாற்றவா, ரெசினை மாற்றவா?

மோல்மீன்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா விட்டுப்போன 22 அடி தேக்குப் படகு எங்களுடையது. தான்லுவின் ஆற்றில் அக்கரைக்குச் சரக்கு ஏற்றிப் போவது அதில்தான். பலகை இடுக்கில் கசிவு வந்ததால் போன தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு அடிப்பக்கம் முழுக்க பைபர், அதாவது ரெசின் என்ற கெட்டியாகும் திரவத்தில் நனைத்த கண்ணாடி இழை, போட்டோம். கடையில் கொடுத்தது வெட்டிய இழை மேட், சதுர மீட்டருக்கு 450 கிராம். இரண்டு அடுக்கு, சாதாரண பாலியெஸ்டர் ரெசின்.

மழை முழுக்க ஓடியது. ஐப்பசியில் கரையேற்றிப் பார்த்தால் ஏராக்கட்டை (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டை) ஓரமாக வாய் பிளந்து கிடக்கிறது. விரல் கொடுத்து இழுத்தேன். வாழைமட்டை உரிகிற மாதிரி ஒரு முழம் அப்படியே கையோடு வந்துவிட்டது. உள்பக்கம் மரத்தின் ரேகை அச்செடுத்தது போல் பதிந்திருக்கிறது, ஆனால் ஒரு சிம்புகூட ஒட்டி வரவில்லை. நாணயத்தால் தட்டினால் பாதி இடத்தில் பொத்துப் பொத்தென்று சத்தம்.

இந்தத் தடவை நெய்த துணியாக, 600 கிராம் ரோவிங் போடு, கனமாக இருந்தால் பிடிக்கும் என்கிறார் ஆசாரி. அப்பா இருந்தால் இந்தப் படகை இப்படி விட்டிருக்க மாட்டார். மறுபடி தப்பு பண்ணிவிடக் கூடாது. சொல்லுங்கள்.

யாங்கோன் தொட்டிப் பட்டறை

தம்பி, சிம்பு ஒட்டி வரவில்லை என்று எழுதினீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. நன்றாகப் பிடித்திருந்தால் உரிக்கும்போது மரம்தான் பிய்ந்திருக்கும். உங்கள் துணி தோற்கவில்லை, ஒட்டுதான் தோற்றது. தேக்கு எண்ணெய் மரம். தண்ணீரில் ஊறும், வெயிலில் சுருங்கும். பாலியெஸ்டர் அதோடு சேர்ந்து அசையாது. அதன் மேல் 600 கிராம் ரோவிங் போட்டால் இன்னும் கனமான தோலாக உரியும், அவ்வளவுதான்.

எபாக்சி என்கிற வேறு வகை ரெசினுக்கு மாறுங்கள். துணி 200 முதல் 300 கிராமுக்குள் சாதா நெசவு போதும். பாவும் ஊடும் இருக்கிற துணியில் இழை இரண்டு பக்கமும் நீளமாக ஓடும், இழுவையை அதுதான் தாங்கும். மேட்டில் துண்டு இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும், ரெசினையும் நிறையக் குடிக்கும். எங்கள் தொட்டிகளுக்கு மேட் நல்ல சரக்கு, ஏனென்றால் அச்சில் பாலியெஸ்டரோடு போடுகிறோம். மிச்ச மேட்டை எபாக்சியோடு போட்டுவிடாதீர்கள். இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது, அட்டை மாதிரி விறைத்து நிற்கும்.

ஏராக்கட்டையின் கூர்விளிம்பை விரல் கனத்துக்கு உருட்டி விடுங்கள். கண்ணாடி இழை கூர்முனையில் மடியாது, தூக்கிக்கொண்டு காற்று அடைக்கும். உங்களுக்கு முதலில் அங்கே பிளந்ததும் அதனால் இருக்கலாம். துணி ஓரங்கள் இரண்டு அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும்.

பகோ அக்கா

என் வீட்டுக்காரர் படகு வேலை செய்கிறார், ரெசின் கலக்குவது நான். பாலியெஸ்டருக்கு ஹார்டனர், அதாவது ரெசினைக் கெட்டியாக்கும் மருந்து, ஒன்று முதல் இரண்டு சதவீதம். நம் பர்மாத் தராசில் ஒரு வீசை ரெசின் என்றால் 1.63 கிலோ, அதற்கு ஒரு சதவீதம் சுமார் 16 கிராம். சூட்டுக்குத் தகுந்தபடி கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். அந்தப் பழக்கத்தில் எபாக்சிக்கும் கூட்டிவிடாதீர்கள் தம்பி. டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான், அளவு தப்பினால் சரியாகக் கெட்டியாகாமல் பிசுபிசுக்கும்.

தேக்கைத் தேய்த்த உடனே அசிட்டோன் துணியால் துடைத்து, காய்ந்ததும் ரெசின் பூசுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். முதலில் வெறும் ரெசின் ஒரு பூச்சு, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே துணி. வெள்ளைத் துணி நனைந்ததும் கண்ணுக்கே தெரியாமல் போகும். எங்கே வெள்ளை மிச்சம் நிற்கிறதோ அங்கே ரெசின் போகவில்லை, ரோலரை அங்கே ஓட்டுங்கள். எபாக்சி ஈரக் காற்றில் காய்ந்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு படியும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகுதான் அடுத்த பூச்சு.

தேய்க்கும்போது மாஸ்க், முழுக்கைச் சட்டை. அந்தத் தூசு பட்டால் ராத்திரி தூங்க முடியாது.

மோல்மீன்காரன்

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. படகில் கை வைக்கும் முன் மிச்சத் தேக்குப் பலகை ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டு ஒட்டினேன். ஒன்று பழைய மேட்டும் பாலியெஸ்டரும், இன்னொன்று அசிட்டோன் துடைத்து, எபாக்சியும் 200 கிராம் துணியும். ஒரு வாரம் துறையில் கல் கட்டி ஆற்றில் போட்டு வைத்தேன்.

இன்று உளியைக் கொடுத்தேன். மேட் துண்டு சுத்தமாகக் கழன்றது. எபாக்சித் துண்டை நெம்பினால் தேக்குச் சிம்புகள் பிய்ந்து அதோடு வந்தன. ஆசாரி பலகையைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், “சரி, பழையதை எல்லாம் உரி” என்றார். தை பிறந்ததும் ஆரம்பிக்கிறோம்.

பகோ அக்கா

உரித்த பிறகு மரம் உள்வரை காயட்டும் தம்பி, அவசரப்படாதீர்கள். மேலே ஓலைப் பந்தல் போட்டு நிழலில் காய வையுங்கள், நேர் வெயிலில் தேக்கு வெடிக்கும்.