மௌனா கியா தொலைநோக்கி: நம் 10 சதவீதம் எங்கே போய் நிற்கிறது?

பட்டினப்பாக்கம் பாபு
ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கோட்டூர்புரம் கோளரங்கத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். வெளியே சோளம் வாங்கிக்கொண்டிருக்கும்போது பெரியவள் கேட்டாள், இந்தியாவுக்குப் பெரிய தொலைநோக்கி இல்லையா என்று. ஹவாய்த் தீவில் மௌனா கியா மலையில் 30 மீட்டர் கண்ணாடியோடு ஒன்று வரப்போகிறது, அதில் நமக்கு 10 சதவீதப் பங்கு, 2014லேயே மத்திய அமைச்சரவை சுமார் 1,300 கோடிக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது என்று பெருமையாக ஆரம்பித்தேன். முடிக்கும்போதுதான் அசிங்கமாகிவிட்டது, ஏனென்றால் அங்கே இன்னும் எதுவும் எழும்பவில்லை. அங்குள்ள பூர்வகுடி மக்களுக்கு அது சாமி மலையாம். 2015லும் 2019லும் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். இத்தனைக்கும் 2018ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அனுமதி செல்லும் என்று தீர்ப்பே கொடுத்தாயிற்று. ஏற்கெனவே 13 தொலைநோக்கி இருந்த மலையில் பதினான்காவது வந்தால் மட்டும் சாமி கோபித்துக்கொள்ளுமா?

நுங்கை நித்யா
அந்த 13தான் அவர்கள் வழக்கே, பாபு சார். 1968ல் மலையுச்சியை ஹவாய் பல்கலைக்கழகத்துக்கு 65 வருடக் குத்தகைக்கு விட்டார்கள், வருடத்துக்கு ஒரு டாலர். பாதுகாக்கப்பட்ட நிலம் என்று பெயர். ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே போனார்கள், 1998ல் மாநிலத் தணிக்கையாளரே மலையைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று எழுதினார். 2018 தீர்ப்பைச் சொன்னீர்கள், 2015 டிசம்பர் தீர்ப்பை விட்டுவிட்டீர்கள். எதிர்ப்பாளர்களை விசாரித்து முடிக்கும் முன்பே அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று அதே நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தாலி கட்டிவிட்டுப் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்ட கதை.

வேளச்சேரி வெங்கட்
உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். 4,200 மீட்டர் உயரம், காற்றில் ஈரம் மிகக் குறைவு, மேகம் பெரும்பாலும் காலுக்குக் கீழே நின்றுவிடும். அகச்சிவப்பு ஒளியை நீராவி விழுங்கிவிடும் என்பதால் இந்த மாதிரி இடம் வட அரைக்கோளத்தில் கைவிட்டு எண்ணக்கூடியதுதான். நம் ஊர் மே மாதக் காற்றில் கண்ணாடி போட்டவன் ஏசி அறையை விட்டு வெளியே வந்தாலே ஒன்றும் தெரியாது, அதையே வானத்துக்கும் யோசித்துப் பாருங்கள். ஆசைக்காக அந்த உச்சியைக் கேட்கவில்லை, இயற்பியல் அங்கேதான் இருக்கிறது.

பட்டினப்பாக்கம் பாபு
அப்படிச் சொல்லுங்க வெங்கட். தேனி பொட்டிபுரத்தில் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்தையும் இப்படித்தான் விரட்டினோம். மலைக்குள்ளே சுரங்கம், வெளியே ஒரு மரத்துக்குக்கூடத் தெரிந்திருக்காது.

நுங்கை நித்யா
புலிகள் நடமாடும் வழி என்று 2022ல் உச்ச நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது தமிழக அரசு, நான் இல்லை. சரி, உங்களிடமே கேட்கிறேன். திருவண்ணாமலை மலையுச்சியில் இயற்பியல் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று யாராவது 18 மாடி உயரத்துக்கு ஒன்றைக் கட்ட வந்தால், மகாதீபக் கொப்பரையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பீர்களா?

பட்டினப்பாக்கம் பாபு
அது வேற.

நுங்கை நித்யா
என்ன வேற? 😀

ஆலங்காயத்தான்
இடையில் வருகிறேன். அப்பா ஊர் ஆலங்காயம், காவலூர் பக்கத்திலேயே. அங்கே வானாய்வகம் இருப்பதும் ஜவ்வாது மலையில் 100 ஏக்கர் காட்டு நிலத்தில்தான், யாரும் மறித்து உட்காரவில்லை. 1977ல் யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று கண்டதில் அந்த மலையில் இருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்குண்டு. எங்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் மலைவாசிகளைக் கேட்டார்களா என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை, இந்த இழையைப் படிக்கும்போதுதான் உறைத்தது.

நுங்கை நித்யா
இதைத்தான் சொல்ல வந்தேன். கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் பழைய மெட்ராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது, 1792ல் நட்டது, பத்து டன் இருக்கும். ஆசியாவில் கணித அறிவியல் பிரிட்டிஷ்காரர்களின் தாராளத்தால் முதன்முதலாக நடப்பட்ட காலத்தை ஆயிரம் வருடம் கழித்து வருபவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்பது அங்கே கல்வெட்டின் சாரம். முதன்முதலாகவாம்! ஆரியபட்டர் எல்லாம் சும்மா பொழுது போக்கினாரா? ஹவாய்க்காரர்கள் நட்சத்திரத்தை வைத்தே பசிபிக்கைக் கடந்தவர்கள், அவர்களிடம் போய் அறிவியலுக்கு எதிரி என்றால் எரிச்சல் வராதா? 2019 ஜூலையில் சாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தாத்தா பாட்டிகளைத்தான் முதலில் கைது செய்தார்கள்.

வேளச்சேரி வெங்கட்
அந்த மக்களிலேயே ஆதரிப்பவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2024ல் இரண்டு பழைய தொலைநோக்கிகளை அகற்றியும் விட்டார்கள். இன்னும் என்ன செய்ய?

நுங்கை நித்யா
முதலில் அகற்று, பிறகு கேள். வரிசை தலைகீழாகப் போயிற்று, அவ்வளவுதான். ஸ்பெயின் 2025ல் லா பால்மா தீவுக்கு வாருங்கள், 40 கோடி யூரோ தருகிறோம் என்று அழைத்ததே, போகலாமே.

வேளச்சேரி வெங்கட்
அது 2,400 மீட்டர்கூட இல்லை. அகச்சிவப்பில் அடி வாங்கும்.

பட்டினப்பாக்கம் பாபு
அப்போ பெங்களூரு பக்கம் ஹோஸகோட்டேயில் நம் ஆட்கள் மெருகேற்ற வேண்டிய கண்ணாடிகள்? அந்த 30 மீட்டர் கண்ணாடிக்கான மொத்தம் 492 துண்டில் நம் பங்கும் இருக்கிறதே.

ஆலங்காயத்தான்
கண்ணாடிக்கு எந்த மலை என்று தெரியாது சார், எங்கே வைத்தாலும் பார்க்கும். மவுனா கியா குத்தகை 2033ல் முடிகிறது, அதற்குள் அங்கே அடித்தளம் போடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பெரியவளை ஒரு சனிக்கிழமை காவலூருக்குக் கூட்டி வாருங்கள், மழைக்காலம் மட்டும் வேண்டாம்.