ட்ரோம்சோ – லாங்யியர்பியன்: உண்மையான தூரமும் பயண நேரமும்

கேள்வி:
வணக்கம். நார்வேயின் வடக்கிலுள்ள ட்ரோம்சோ விமான நிலையத்துக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்யியர்பியன் விமான நிலையத்துக்கும் இடையே தூரம் எவ்வளவு? இணைய வரைபடத்தில் இந்தத் தூரம் ஆஸ்லோ – ட்ரோம்சோ தூரத்தைவிட அதிகமாகத் தெரிகிறது. விமான அட்டவணையிலோ பயண நேரம் ஒன்றே முக்கால் மணிக்கும் குறைவாக இருக்கிறது. எதை நம்பித் திட்டமிடுவது?

மறுமொழி 1:
அட்டவணையை நம்புங்கள். நேர்வழித் தூரம் சுமார் 960 கி.மீ.; ஆஸ்லோவிலிருந்து ட்ரோம்சோவுக்கோ ஏறத்தாழ 1,100 கி.மீ. இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில் வரையப்படுவதால், துருவத்தை நெருங்க நெருங்க நிலமும் கடலும் பெரிதாகிக்கொண்டே போகின்றன. நிலநடுக்கோட்டோடு ஒப்பிட்டால் ட்ரோம்சோ அருகே ஏறத்தாழ மூன்று மடங்கும், 78 பாகை வடக்கிலுள்ள லாங்யியர்பியன் அருகே ஏறத்தாழ ஐந்து மடங்கும் நீட்டிக் காட்டப்படுகின்றன. அதனால்தான் உண்மையில் குறைவான தூரம், படத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரிகிறது. இரண்டு ஊர்களின் அட்சரேகைகளுக்கும் இடையே எட்டரைப் பாகைக்குச் சற்று அதிகமான வேறுபாடு உண்டு. பாகைக்கு ஏறத்தாழ 111 கி.மீ. என்று பெருக்கினாலே விடைக்கு மிக அருகில் வந்துவிடலாம், ஏனெனில் வழி கிட்டத்தட்ட நேர் வடக்காகவே செல்கிறது.

மறுமொழி 2:
மேலே சொன்ன கணக்கு சரியானது. ஆனால் பயணத் திட்டத்துக்குப் பறக்கும் நேரம் மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஸ்வால்பார்ட் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டதுதான். எனினும் ஷெங்கன் எல்லைக்கு (எல்லைச் சோதனையின்றி ஒன்றுக்கொன்று பயணிக்க உடன்பட்ட ஐரோப்பிய நாடுகளின் பகுதிக்கு) வெளியே இருக்கிறது. ஆகவே ஆஸ்லோவிலிருந்து ட்ரோம்சோ வழியாகச் செல்பவர்கள் ட்ரோம்சோவில் இறங்கிக் கடவுச்சீட்டுச் சோதனையை முடித்த பிறகே மேலே செல்ல முடியும். இரண்டையும் தனித்தனிப் பயணச்சீட்டாக வாங்கியிருந்தால், பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நேர வேறுபாடு குறித்துக் கவலை வேண்டாம். இரண்டு இடங்களிலும் ஒரே நேரம்தான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கிறது. விசாவில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? விமானம் ரத்தானால் கப்பலில் செல்ல வழியிருக்கிறதா?

மறுமொழி 3:
ஸ்வால்பார்டுக்கென்று தனி விசா கிடையாது. ஆனால் போகும்போது நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி, திரும்பும்போது மறுபடியும் நுழைகிறீர்கள். எனவே குறைந்தது இருமுறை நுழைய அனுமதிக்கும் விசா கட்டாயம் தேவை. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு அங்கே சென்றுவிட்டால் திரும்பும் வழியில் பெரும் சிக்கல் நேரும். ஆகவே விண்ணப்பிக்கும்போதே இதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

கப்பலை மாற்று வழியாக எண்ண வேண்டாம். மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் செல்லும் கப்பலுக்கே கிட்டத்தட்ட 44 மணி நேரம் ஆகும். மேலும் அன்றாடப் பயணிகளுக்கான படகுப் போக்குவரத்து இந்த வழியில் இல்லை. 1975-ல் லாங்யியர்பியன் விமான நிலையம் திறக்கப்படும் வரை, கடல் உறையும் மாதங்களில் அந்த ஊருக்குச் சென்றுவருவது மிகக் கடினமாக இருந்தது. இடைவழியில் இருக்கும் பியோர்ன் தீவிலும் விமானம் இறங்க ஓடுபாதை கிடையாது. மூடுபனியாலோ பலத்த காற்றாலோ லாங்யியர்பியனில் தரையிறங்க முடியாவிட்டால், விமானம் பெருநிலத்துக்கே திரும்ப நேரலாம். இக்காரணத்தால், ஊர் திரும்பும் நெடுந்தூர விமானத்தை அங்கிருந்து புறப்படும் அதே நாளில் வைத்துக்கொள்ளாமல், ஒரு நாளாவது ஆஸ்லோவில் தங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.