முல்லைப் பெரியாறு செய்திக்கு ஆங்கிலத் தலைப்பு: உதவி தேவை

வணக்கம். கம்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளத்தாக்குச் செய்திகளை ஆங்கிலத்திலும் போடுகிறோம். குமுளி, வண்டிப்பெரியாறு பக்கமும் படிக்கிறார்கள்.

ஆங்கிலத் தலைப்பில் நடந்து முடிந்ததையும் நிகழ்காலத்தில் எழுதுவார்கள், நடக்கப்போவதற்கு 'டு' போடுவார்கள், 'தி', 'ஈஸ்' எல்லாம் உதிர்ந்துவிடும் என்பது வரை தெரியும். சிக்கல் வினைச்சொல்லில்தான். உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த 142 அடியை நீர்மட்டம் எட்டினால் 'ரீச்சஸ்' சரியா, 'டச்சஸ்' சரியா, 'ஹிட்ஸ்' சரியா? 'ஹிட்ஸ்' என்றால் ஆபத்து வந்துவிட்டதுபோல எனக்குப் படுகிறது. இங்கே அது பாசனத்துக்கு நல்ல சேதி; அணைக்குக் கீழே ஆற்றோரம் இருப்பவர்களுக்கோ வயிற்றைக் கலக்கும் சேதி. ஒரே தலைப்பை இருவரும் படிக்கிறார்கள், வீணாக யாரும் பதறக் கூடாது.

அப்புறம், மதகு திறந்தால் 'தமிழ்நாடு ரிலீசஸ் வாட்டர்' என்பதா, வெறும் 'வாட்டர் ரிலீஸ்டு' போதுமா? அணை இடுக்கி மாவட்டத்தில் இருந்தாலும் இயக்குவது தமிழகம். யார் திறந்தது என்று சொல்வதே நேர்மை என்பது என் எண்ணம். ஆனால் அதில் குற்றம் சாட்டும் தொனி வருகிறதா?

ஆங்கில நாளிதழ்களில் தலைப்பு எழுதிப் பழகியவர்கள் ஒன்றிரண்டு மாதிரி எழுதிக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.