புதுப்பிப்பு: காசநோய்க் கூட்டு மீளாய்வு, முதல் கூட்டம் முடிந்தது

மலையகத் தோட்டப் பகுதிக் காசநோயாளர்களை, காலாண்டுக்கு ஒருதடவை ஊழியர் எல்லாரும் கூடி ஒவ்வொருவராக மீளாய்வு செய்வது சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரிவருகிறது! கொழும்பிலிருந்து நாங்கள் சூமில் இணைந்தோம்.

காசநோய் மருத்துவர் காரெல் ஸ்டிப்லோ தன்சானியாவில் வளர்த்தெடுத்த முறைதான். நியூயோர்க்கும் 1990களில் கைக்கொண்டது. சளிப் பரிசோதனை முடிவென்ன, 6 மாத மருந்து முடிந்ததா, வீட்டாரைச் சோதித்தாயிற்றா என்று ஆளாளாகக் கேட்பார்கள்.

ஓர் இளைஞரின் மருந்து அட்டையில் இரண்டாம் மாதத்துக்குப் பிறகு கட்டங்கள் வெறுமை. "அவர் புறக்கோட்டையில புடவைக் கடையில நிக்கிறாரே" என்றார் தோட்டத்து மருத்துவிச்சி அக்கா. கொழும்புப் பரிசோதகர் கூட்டத்திலேயே கடை விலாசத்தைக் குறித்துக்கொண்டார். இப்போது அந்த இளைஞருக்கு மருந்து கொழும்பிலேயே கிடைக்கிறது. கடை மாடியில் அவரோடு தங்குபவர்களுக்கும் சோதனை நடக்கிறது. வெறும் அறிக்கையில் இது பிடிபட்டிருக்காது.

குறை பிடிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சில தாதியர் இன்னும் பயப்படுகிறார்கள். அடுத்த கூட்டத்தை அவர்களே நடத்தட்டும் என்று கேட்டிருக்கிறோம்.