மகனிடம் பேச்சை எப்படித் தொடங்குவது? அனுபவமுள்ள பெற்றோரின் உதவி தேவை

குழுவில் உள்ள பெற்றோருக்கும் மனநல ஆலோசகர்களுக்கும் வணக்கம்.

என் மகனுக்கு 16 வயது. சென்ற வாரம் அவனுடைய பையைத் துவைக்க எடுத்தபோது, கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தும், ஓரம் கருகிய மெல்லிய காகிதத் துண்டுகளும் உள்ளறையில் இருந்தன. அவனுக்குக் கண்ணில் எந்தக் குறையும் இல்லை; கஞ்சா புகைக்கிறானோ என்று சந்தேகப்படுகிறேன். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு இன்றுவரை பேசாமல் இருக்கிறேன். இது நிதானமா, கோழைத்தனமா என்று எனக்கே தெரியவில்லை.

விளைவுகளை எண்ணிப் பார்த்துத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருப்பதால், இந்த வயதில் கஞ்சாவையோ மதுவையோ பழகுபவர்கள் அடிமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதை அறிவேன். ஆனால் அதை அவனிடம் பாடமாக ஒப்பித்தால் காதில் வாங்கமாட்டான். என் கணவரோ உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடலாம் என்கிறார். தொடர்ந்து புகைப்பவர்களின் சிறுநீரில் கஞ்சாவின் தடயம் சில வாரங்கள்கூடத் தங்கும் என்பதால் விடை கிடைக்கலாம்; ஆனால் அதன்பின் அவன் எங்களை நம்புவானா?

இந்நிலையைக் கடந்து வந்தவர்கள், கண்டதை நேரடியாகச் சொல்லித் தொடங்கினீர்களா, அல்லது அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தீர்களா? அவனை அழைத்துச் செல்லுமுன் நான் மட்டும் மனநல மருத்துவரைச் சந்திப்பது பயன் தருமா? மிரட்டிப் பார்க்கும்படி மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். சிகரெட் விஷயத்தில் அதைச் செய்து, அவன் அறைக்கதவைத் தாழிடக் கற்றுக்கொண்டதுதான் மிச்சம்.